38,000 ஓடின வண்டியா, 82,000 ஓடின வண்டியா? பழைய கார் வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

கோவையில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் 11 வருடம் அட்வைசராக இருந்தேன். வண்டியை உள்ளே எடுத்து, என்ன வேலை என்று ஜாப் கார்டில் எழுதி, மாலையில் பில்லோடு சாவியைக் கொடுப்பது என் வேலை. அதனால் பழைய கார் பார்க்கப் போகும்போதெல்லாம் சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னைக் கூட்டிப் போவார்கள். எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான்: "இவ்வளவு ஓடின வண்டிக்கு இந்த விலை சரியா?" வாயால் சொல்லிச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். ரூபாய்க் கணக்கெல்லாம் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு நான் பார்த்த பில்களை வைத்துச் சொல்லும் தோராயம். ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்.

அண்ணா, மைலேஜ் எவ்வளவுன்னு கேட்டா 18-ங்கிறாங்க. நான் கேட்டது அது இல்லையே?

நம் ஊரில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்பதுதான். அவர் சொன்னதில் தப்பில்லை. வண்டி இதுவரை ஓடிய தூரம் தெரிய வேண்டுமென்றால் "மீட்டர் எவ்வளவு காட்டுது?" என்று கேளுங்கள். "எவ்வளவு ஓடியிருக்கு?" என்றால் "அதிகம் ஓடலைங்க" என்று வழவழ பதில் வரும். மீட்டரைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். அது எதற்கு என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

எத்தனை ஆயிரம் வரைக்கும் ஓடின வண்டியை வாங்கலாம்? ஒரு நம்பர் சொல்லுங்க.

ஒரே நம்பர் கிடையாது. மீட்டரில் உள்ள எண்ணை வண்டியின் வயதால் வகுத்துப் பாருங்கள். வீட்டு உபயோகத்துப் பெட்ரோல் கார் என்றால் வருடத்துக்கு 8,000 முதல் 12,000 வரை ஓடுவது சாதாரணம். டீசல் கார் வாங்குகிறவர் நிறைய ஓட்டுவதற்காகவே வாங்குகிறார். அங்கே 15,000 முதல் 20,000 வரை சாதாரணம். இந்த வரம்புக்குள் இருந்தால் சந்தை விலை. மேலே போனால் விலை இறங்க வேண்டும். ரொம்பக் கீழே இருந்தால் மகிழ்ச்சி அடைவதற்கு முன்னால் ஏன் என்று கேட்க வேண்டும்.

எஞ்சினைப் பற்றி மட்டும் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நேரத்துக்கு ஆயில் மாற்றிய பெட்ரோல் எஞ்சின்கள் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் தாண்டியும் திறக்கப்படாமல் ஓடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் காசு கேட்பது எஞ்சின் இல்லை. டயர், கிளட்ச், சஸ்பென்ஷன், பேட்டரி, ஏ.சி. ஆகியவைதான்.

வருஷம் முக்கியமா, கிலோமீட்டர் முக்கியமா?

இன்சூரன்ஸ் கம்பெனி எப்படிப் பார்க்கிறது என்று கவனியுங்கள். பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு மதிப்பு போடுவார்கள்; வண்டி திருடுபோனால் அதிகபட்சம் அவ்வளவுதான் கொடுப்பார்கள். அது வயதை மட்டும் வைத்துக் குறையும்: ஒரு வருடம் தாண்டினால் 20 சதவீதம், இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டினால் 50. கிலோமீட்டருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. மார்க்கெட்டும் ஏறக்குறைய அப்படித்தான்: முதலில் வருடத்தை வைத்து விலை போட்டு, பிறகு கிலோமீட்டரைப் பார்த்து ஏற்றி இறக்குகிறார்கள்.

என் அனுபவத்தில் ஏழெட்டு வயதுக்குள் உள்ள வண்டியில் கிலோமீட்டர் பேசும். பத்தைத் தாண்டிவிட்டால் வயதுதான் பேசும். ரப்பர் புஷ், ஹோஸ் பைப், பெல்ட், டயர் எல்லாம் ஓடாமல் நின்றாலும் காய்ந்து வெடிக்கும். சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. (பதிவுச் சான்று) முதலில் 15 வருடத்துக்குத்தான் செல்லும். அதன்பின் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. 13 வயது வண்டி 30,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று கூடுதல் விலை கேட்டால், இன்னும் இரண்டு வருடத்தில் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. வாசலில் நிற்கப்போவது நீங்கள்தான்.

ஒரே மாடல், ஒரே வருஷம். ஒண்ணு 38,000 ஓடியிருக்கு, 5 லட்சத்து 10 ஆயிரம் சொல்றாங்க. இன்னொண்ணு 82,000, விலை 4 லட்சத்து 20 ஆயிரம். எதை எடுக்கட்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். இரண்டும் ஏழு வயது வண்டி என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்னபடி வகுத்தால் 82,000 ஓடியது வருடத்துக்கு சுமார் 11,700. 38,000 ஓடியது சுமார் 5,400. "அதிகம் ஓடியது" என்று நாம் ஒதுக்குகிற வண்டிதான் சாதாரணமாக ஓடிய வண்டி. மற்றது குறைவாக ஓடியது. இந்த ஒரு வகுத்தல் கணக்கே பலருடைய பயத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறது.

அடுத்து, வாங்கிய பிறகு இரண்டு வருடத்தில் வரப்போகிற வேலைகளை எழுதுங்கள். 82,000 ஓடியதற்கு இரண்டாவது செட் டயர் முடியும் நேரம்: 18,000. கிளட்ச்: 10,000. முன்பக்க ஷாக் அப்சார்பர், புஷ், லிங்க் ராட்: 12,000. பிரேக் பேடு, பின் ஷூ: 5,000. பேட்டரி: 5,000. பிளக், கூலன்ட், கியர் ஆயில்: 4,000. மொத்தம் 54,000. குறைவாக ஓடியதற்கு ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். டயர் கம்பெனியில் போட்டதாகவே இருந்தால் ஏழு வருடப் பழசு, மாற்றியே ஆக வேண்டும்: 18,000. பேட்டரி 5,000, ஆயில் வகையறா 4,000. மொத்தம் 27,000. ஆக உண்மையான விலை 4,74,000-க்கும் 5,37,000-க்கும். வித்தியாசம் 90,000 இல்லை, 63,000.

இனி நீங்கள் எப்படி ஓட்டுவீர்கள் என்பதுதான் முடிவு செய்யும். தினமும் ஆபீஸ், மாதம் இரண்டு முறை ஊர் என்று வருடம் 15,000 ஓட்டுகிறவர் 82,000 ஓடியதை எடுக்கலாம். அவர் கையில் எந்த வண்டி இருந்தாலும் நான்கைந்து வருடத்தில் அது அதிகம் ஓடிய வண்டியாகிவிடும். குறைந்த கிலோமீட்டருக்குக் கொடுத்த கூடுதல் காசு விற்கும்போது திரும்பாது. ஞாயிற்றுக்கிழமை கோயில், கல்யாணம் என்று வருடம் ஐயாயிரம் ஓட்டுகிறவரிடம் 38,000 ஓடியது அப்படியே குறைவாக ஓடிய வண்டியாகவே நிற்கும். கொடுத்த காசில் பெரும்பகுதி திரும்ப வரும். இதெல்லாம் இரண்டு வண்டிக்கும் சர்வீஸ் ரெக்கார்டு சரியாக இருந்தால்தான். 38,000-க்கு ரெக்கார்டு இல்லை, 82,000-க்கு இருக்கிறது என்றால் நான் 82,000-ஐத்தான் எடுக்கச் சொல்வேன்.

இப்பல்லாம் டிஜிட்டல் மீட்டர்தானே? அதைக் குறைக்க முடியுமா?

முடியும். பழைய முள் மீட்டரைவிட இது சுலபம். அந்த எண் மீட்டர் போர்டில் உள்ள ஒரு மெமரி சிப்பில் இருக்கிறது. ஒரு சின்னக் கருவியை இணைத்து வேண்டிய எண்ணை எழுதிவிடுகிறார்கள். மனதை வருத்தும் விஷயம் என்னவென்றால், நான் பார்த்தவரை ஏமாறுகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் கார் வாங்குகிறவர்கள். சேமித்த காசு, நகை வைத்த காசு. அவர்களுக்குத்தான் "கம்மியா ஓடினது" என்ற வார்த்தை இனிக்கிறது.

அப்ப குறைச்சிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல் வழி, அந்தக் கம்பெனியின் அங்கீகார சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து ரெக்கார்டு கேட்பது. ஒவ்வொரு தடவை வண்டி உள்ளே வரும்போதும் அன்றைய கிலோமீட்டரை எழுதாமல் ஜாப் கார்டு திறக்காது. உரிமையாளர் உடன் வந்தால் அச்சடித்தே கொடுப்பார்கள். வர மறுக்கிறார் என்றால் அதுவே ஒரு பதில். பல மாடல்களில் மீட்டர் போர்டு தவிர வேறு கம்ப்யூட்டர் யூனிட்களிலும் ஓடிய தூரம் பதிவாகியிருக்கும். ஸ்கேனர் போட்டால் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று தெரியும். எல்லா மாடலிலும் இது கிடைக்காது.

இரண்டாவது வழி உங்கள் கண். என் மச்சானுக்காக ஒரு 2014 மாடல் பெட்ரோல் கார் பார்க்கப் போனோம். மீட்டரில் 41,260. "ஒரே ஓனர், பேங்க் மேனேஜர்" என்றார்கள். பெயின்ட் பளபளவென்று இருந்தது. கிளட்ச் பெடல் ரப்பரில் கோடுகள் தேய்ந்து, இடது ஓரத்தில் இரும்பு எட்டிப் பார்த்தது. கியர் நாப்பில் ஒன்று, இரண்டு எழுத்துகள் அழிந்திருந்தன. டயர்களில் 1422 என்று இருந்தது, அதாவது 2022-ஆம் ஆண்டின் 14-வது வாரம் செய்தது. ஸ்டெப்னியில் 0914. டயர் மாற்றியதை மட்டும் வைத்து நான் குற்றம் சொல்லவில்லை. எட்டு வயதில் 40,000-க்கே மாற்றியிருக்கலாம். பானெட்டைத் தூக்கச் சொன்னேன். உள்பக்கத் தகரத்தில் ஆயில் கம்பெனி ஸ்டிக்கர் ஒன்று, பாதி உரிந்து எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் பால்பாயின்ட் பேனாவால் "அடுத்த சர்வீஸ் 96,000" என்று எழுதியிருந்தது. நான் குனிந்து படிக்கும்போதே கடைப் பையன் ஒருவன் நகத்தால் அதைச் சுரண்டப் பார்த்தான். மச்சான் பேசாமல் வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அதனால் பெடல், கியர் நாப், ஸ்டியரிங்கின் மேல் விளிம்பு, டிரைவர் சீட்டின் வலது ஓரம், சீட் பெல்ட்டின் நைந்த விளிம்பு இவற்றைப் பாருங்கள். ஒன்று புதிதாக இருந்தால் மாற்றியிருக்கலாம். எல்லாமே ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பதுதான் கேள்வி. ஃபாஸ்டாக் கணக்கையும் காட்டச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எந்தச் சுங்கச்சாவடி என்று அதில் வரிசையாக இருக்கும். "வீட்டிலேயே நின்ன வண்டி" என்று சொன்னது வாரா வாரம் கிருஷ்ணகிரி தாண்டியிருந்தால் தெரிந்துவிடும்.

வெளி ஒர்க்‌ஷாப்புல சர்வீஸ் பண்ணினதா சொல்றாங்க. ரெக்கார்டு இல்லைன்னா விட்டுடணுமா?

விட வேண்டியதில்லை. இலவச சர்வீஸ் முடிந்ததும் தெரிந்த மெக்கானிக்கிடம் போவது நம் ஊர்ப் பழக்கம், அதில் தப்பில்லை. பில் இருக்கிறதா, அந்த மெக்கானிக் யார், போனில் பேச முடியுமா என்று கேளுங்கள். நேர்மையாக வைத்திருந்தவர் தயங்காமல் எண்ணைக் கொடுப்பார்.

ஈரோடு பக்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் டீசல் கார் பார்த்தேன். 1,34,000 ஓடியிருந்தது. கம்பெனி ரெக்கார்டு இரண்டு வருடத்தோடு நின்றுவிட்டது. அவர் உள்ளே போய் ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்து வந்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன்கீழ் டீசல் போட்ட ஒவ்வொரு நாளும்: தேதி, மீட்டர், லிட்டர், ரூபாய். ஆயில் மாற்றிய நாட்களுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தனை வருடத்திலும் லிட்டருக்கு 19-க்குக் கீழே இறங்கவே இல்லை. எஞ்சின் சோர்ந்தால் முதலில் தெரிவது அந்த எண்ணில்தான். அந்த வண்டியை வாங்கிய நண்பர் இன்றும் ஓட்டுகிறார், நோட்டையும் தொடர்ந்து எழுதுகிறார்.

ஹைவேல ஓடின ஒரு லட்சமும் சிட்டியில ஓடின ஒரு லட்சமும் ஒண்ணா?

ஒன்றில்லை. மணிக்கணக்காக மாற்றிப் பாருங்கள். நகரத்துக்குள் சராசரி வேகம் மணிக்கு 20 என்றால் 40,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் 2,000 மணி நேரம் ஓடியிருக்கும். நெடுஞ்சாலையில் சராசரி 60 என்றால் அதே 2,000 மணி நேரத்தில் 1,20,000 ஓடியிருக்கும். எஞ்சின் உழைத்த நேரம் சமம். கிளட்ச், பிரேக், கியர் விஷயத்தில் நகர வண்டிதான் பல மடங்கு மிதிபட்டிருக்கும். நெடுஞ்சாலை வண்டியில் கண்ணாடியில் கல் தெறித்த புள்ளிகள், பானெட் முன்பக்கம் பெயின்ட் கொத்தியது, வீல் பேரிங் சத்தம் ஆகியவற்றைப் பாருங்கள்.

மூன்றாவது வகை மலை வண்டி. டி.என்-43 பதிவு என்றால் ஊட்டிப் பக்கம். கொல்லிமலைக்கு 70, வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஏறி இறங்கிய கிலோமீட்டரில் கிளட்சும் பிரேக்கும் முன்பக்க சஸ்பென்ஷனும் சீக்கிரம் தேயும். கடலோர வண்டியென்றால் கீழ்த்தகரம், கதவு அடிப்பகுதி, சைலன்சர் துருவைத் தடவிப் பாருங்கள். அது மீட்டரில் வராத தேய்மானம்.

2013 மாடல், 14,000 தான் ஓடியிருக்கு. ஓனர் ஃபாரின்ல இருக்கார். லட்டு மாதிரி இருக்கு, விடலாமா?

முதலில் மீட்டர் உண்மையா என்று மேலே சொன்ன வழிகளில் பாருங்கள். உண்மை என்றே வைத்தாலும், நின்ற வண்டிக்கு நின்ற வண்டியின் நோய் உண்டு. டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகியிருக்கும். பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும். டேங்கில் கெட்டுப்போன பெட்ரோல் இன்ஜெக்டரை அடைக்கும். ஏ.சி. கேஸ் கசியும். எல்லாவற்றுக்கும் மேல் எலி. பானெட்டுக்குள் கூடு கட்டி வயரைக் கடித்த வண்டிகளுக்கு நான் போட்ட பில்கள் கொஞ்சநஞ்சமில்லை. வயரிங் பழுது ஒரே தடவையில் முடியாது. இன்று ஹாரன், அடுத்த மாதம் ஏர்பேக் விளக்கு என்று தொடரும்.

டயர், பேட்டரி, எல்லா ஆயிலும், பெல்ட், ஹோஸ், பிரேக் ஓவர்ஹால் என்று 40,000 முதல் 50,000 வரை தனியாக வைத்துக்கொண்டு, 2013 மாடலின் சாதாரண விலைக்குக் கேளுங்கள். கிலோமீட்டருக்காகத் தனி விலை கொடுக்காதீர்கள்.

டீசல் வண்டி ஒரு லட்சம் தாண்டிடுச்சு. முடிஞ்சதா?

இல்லை. தலைமையாசிரியர் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டீசலில் வேலை வந்தால் பில் பெரிது: டர்போ, இன்ஜெக்டர், பம்ப் எதைத் தொட்டாலும் பல பத்தாயிரம். சில மாடல்களில் கிளட்சோடு ஃப்ளைவீலும் மாற்ற வேண்டியிருக்கும், அதற்குப் பெட்ரோல் கார் கிளட்சைப் போல் பல மடங்கு ஆகும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் மாற்றிய பில்லைக் கேளுங்கள். மாற்றாமல் அறுந்தால் எஞ்சினே போய்விடும். அதிகாலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து புகையைப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் சொல்லாமல் போங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படி செய்த) டீசலில் இன்னொரு விஷயம் உண்டு. சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் இருக்கிறது. அது சுத்தமாக, வண்டி நீண்ட தூரம் நல்ல வேகத்தில் ஓடிச் சூடாக வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓடிய 25,000 கிலோமீட்டர் டீசலில் அது அடைத்திருக்கலாம். நெடுஞ்சாலையில் ஓடிய 90,000 கிலோமீட்டர் டீசலில் சுத்தமாக இருக்கும். இங்கே குறைந்த கிலோமீட்டர் நமக்கு எதிரி.

ஆட்டோமேட்டிக்குக்கும் இதே கணக்குதானா?

இல்லை, இங்கே நான் கண்டிப்பானவன். கியர் பாக்ஸ் ஆயில் மாற்றிய ரெக்கார்டு இல்லாமல் அதிகம் ஓடிய ஆட்டோமேட்டிக்கை எடுக்காதீர்கள். ஏ.எம்.டி. (சாதாரண கியர் பாக்ஸையே தானாக மாற்றும் வகை) என்றால் கிளட்ச் மாற்றிச் சரிசெய்துவிடலாம். இரட்டைக் கிளட்ச் வகையிலும், பெல்ட்டில் இயங்கும் சி.வி.டி. வகையிலும் பெரிய பழுது லட்சத்தைத் தாண்டும். அந்த ஒரு பில் நீங்கள் பேரம் பேசி மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும்.

அப்ப எலெக்ட்ரிக் கார்?

கிலோமீட்டரைவிட பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்ற சர்வீஸ் சென்டர் ரிப்போர்ட்தான் விலை. பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி தரும் கார்கள் இருக்கின்றன. அது இரண்டாவது உரிமையாளருக்கும் தொடருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டி-போர்டுல ஓடின வண்டியை ஓன் போர்டா மாத்தி விக்கிறாங்க. விலை ரொம்பக் கம்மி. எடுக்கலாமா?

வாடகை வண்டி நான்கைந்து வருடத்தில் இரண்டு மூன்று லட்சம் ஓடிவிடும். அதை மறைக்காமல், அந்த விலைக்கே விற்றால் தப்பில்லை. ஊருக்குள் குறைவாக ஓட்டுகிறவர் யோசிக்கலாம். மறைப்பதுதான் பிரச்சினை. ஆர்.சி. விவரங்களை அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பாருங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியின் பழைய வகை என்ன என்பது பதிவில் இருக்கும். நம்பர் பிளேட் ஆணித் துளைகள், வேக வரம்புக் கருவி பொருத்திய வயரின் மிச்சம், பின்சீட் மட்டும் அதிகமாக அமுங்கியிருப்பது ஆகியவை சாட்சி. சொந்த வண்டியில் டிரைவர் சீட்தான் முதலில் அமுங்கும்.

டெல்லி வண்டி ரெண்டு லட்சம் கம்மிக்கு வருது, கிலோமீட்டரும் கம்மி. ஏன் எல்லாரும் அதை எடுக்கலை?

டெல்லி வட்டாரத்தில் டீசல் 10 வருடத்துக்கு மேல், பெட்ரோல் 15 வருடத்துக்கு மேல் ஓடக் கூடாது என்று வந்த கட்டுப்பாட்டால் அங்கே பழைய டீசலின் விலை விழுந்தது. அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வாழ்நாள் வரி கட்டி, புது நம்பர் வாங்க வேண்டும். வரியும் அலைச்சலும் போக்குவரத்தும் சேர்த்தபின் மிச்சம் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். சர்வீஸ் ரெக்கார்டைக் கம்பெனியின் எந்த ஊர் சென்டரிலும் கேட்கலாம் என்பதால் மீட்டர் சோதனைக்குத் தூரம் தடையில்லை. அங்கே நகர நெரிசலில் ஓடிய கிலோமீட்டர் என்பதையும் மறக்காதீர்கள்.

வெள்ளத்துல மூழ்கின வண்டியைக் கண்டுபிடிக்க முடியுமா?

கட்டாயம் பார்க்க வேண்டியது இது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மழை இவற்றில் நின்ற இடத்திலேயே மூழ்கிய வண்டிகள் ஏராளம். அவற்றில் பலவும் குறைவாக ஓடியவை, புதியவை. நன்றாகக் கழுவிப் பெயின்ட் அடித்தால் "கம்மி கிலோமீட்டர், கம்மி விலை" என்ற அழகான வண்டியாகிவிடும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். அதை யாரும் கழுவ மாட்டார்கள். சீட்டுக்கு அடியில் போல்ட் துரு, கார்ப்பெட்டைத் தூக்கினால் மண், ஸ்டெப்னிக் குழியில் வண்டல், ஏ.சி. போட்டதும் வரும் புழுக்க நாற்றம் ஆகியவற்றையும் பாருங்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை என்று பாருங்கள். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாதவருக்கு 50 சதவீதம் இருக்கும். பூஜ்யம் என்றால், கிளெய்ம் போனதா, பாலிசி விட்டுப்போனதா என்று கேளுங்கள்.

கிலோமீட்டரைக் காட்டி எவ்வளவு குறைக்கச் சொல்லலாம்?

"நிறைய ஓடிருச்சுங்களே" என்று பொதுவாகச் சொன்னால் ஆயிரம், இரண்டாயிரம்தான் இறங்கும். 38,000, 82,000 கணக்கில் செய்ததுபோல் வேலைப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "டயர் 2018-ல் செய்தது, கிளட்ச் மேலே பிடிக்கிறது, முன்பக்கம் சத்தம்" என்று காட்டிப் பேசுங்கள். விற்பவருக்கும் அவமானமில்லை, உங்களுக்கும் வாதம் உண்டு. முழுத் தொகையையும் குறைக்கக் கேட்பது நியாயமில்லை; பழைய வண்டி என்பதால்தான் விலை ஏற்கெனவே இறங்கியிருக்கிறது. பாதி குறைந்தால் நல்ல பேரம் என்பேன்.

எங்க அப்பா 50,000 தாண்டின வண்டியே வேண்டாங்கிறார். விக்கும்போது விலை போகாதாம்.

அப்பா சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. ஒரு லட்சம் என்ற எண்ணைத் தாண்டினால் வாங்குகிறவர் மனது பின்வாங்கும். 96,000-க்கும் 1,04,000-க்கும் வண்டியில் வித்தியாசம் இல்லை, விலையில் இருக்கும். ஆனால் அந்த இறக்கத்தை ஏற்கெனவே யாரோ அனுபவித்த வண்டியை வாங்கினால் லாபம் உங்களுக்கு. 1,05,000 கிலோமீட்டரில் வாங்கி 1,50,000 கிலோமீட்டரில் விற்பவர் இழப்பது, 60,000 கிலோமீட்டரில் வாங்கி 1,05,000 கிலோமீட்டரில் விற்பவர் இழப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டாதீர்கள். வண்டியை அவரையே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கினதுக்கு அப்புறம் மீட்டர் குறைச்சதுன்னு தெரிஞ்சா என்ன பண்றது?

அதற்கான வேலை வாங்கும் நாளிலேயே ஆரம்பிக்கிறது. பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. லோன் இருந்து முடிந்திருந்தால் ஃபார்ம் 35-ம் பேங்க் என்.ஓ.சி.யும். விற்றவர் 14 நாளில், வாங்கியவர் 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இவற்றோடு டெலிவரி நோட்டும் எழுதுவார்கள். அதில் தேதியும் நேரமும் இருக்கும், கிலோமீட்டரை எழுத மாட்டார்கள். "மீட்டர் இவ்வளவு, இது வண்டி உண்மையாக ஓடிய தூரம்" என்று ஒரு வரி சேர்த்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். விற்பவர் அந்த வரிக்கு மட்டும் கையெழுத்துப் போடத் தயங்கினால் அட்வான்ஸைத் திரும்பக் கேளுங்கள்.

கார் வியாபாரியிடம் வாங்கி ஏமாந்திருந்தால், அந்த டெலிவரி நோட்டு, முதலில் அனுப்பிய மீட்டர் படம், சர்வீஸ் சென்டர் ரெக்கார்டு மூன்றையும் வைத்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசுங்கள். சில வியாபாரிகள் அந்த நிலையிலேயே சமாதானத்துக்கு வருவார்கள். தன் சொந்த வண்டியை விற்ற தனிமனிதர் என்றால் நுகர்வோர் சட்டம் பொருந்துவது கடினம். ஏமாற்றியதாகக் காவல் நிலையத்தில்தான் புகார் கொடுக்க வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது அந்த ஒரு வரிக் கையெழுத்தைத்தான்.